பொதுக் கோப்புறையின் திறவுகோல் யாரிடம்?

பத்துக் கணினிகள் உள்ள ஒரு காரியாலயத்தில் ஒரே கடிதத்தின் ஆறு பிரதிகள் ஆறு கணினிகளில் கிடப்பது சர்வசாதாரணமான காட்சியாகும். ஒன்றின் பெயர் 'இறுதி'. மற்றொன்றின் பெயர் 'இறுதி இரண்டு'. பிறிதொன்று 'இதுதான் இறுதி'. எதனை அச்சுக்கு அனுப்புவது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், சிறு பத்திரிகைகள் எனப் பல இடங்களிலும் இதே நிலைதான். பென் டிரைவ் கைமாறுகிறது. அதனோடு வைரஸும் கைமாறுகிறது.

இதற்குரிய பரிகாரம் புதியதன்று. கோப்புகள் யாவற்றையும் ஒரு கணினியில் வைத்து, ஏனைய கணினிகள் வலையமைப்பினூடாக அவற்றைத் திறந்து பணியாற்றச் செய்வதே அது. அவ்வாறு கோப்புகளை வழங்கும் கணினியைச் சேவையகம் என்கிறோம். பணவசதி படைத்த நிறுவனங்கள் இதற்கென விண்டோஸ் சேவையக மென்பொருளை வாங்குகின்றன. அதன் வழமையான பதிப்புக்குச் சேவையக அனுமதிப்பத்திரம் மாத்திரம் போதாது. அதனை அணுகும் பயனாளர்களுக்கோ கணினிகளுக்கோ தனித்தனியாகவும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் இச்செலவு இல்லை. ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய கணினியொன்றும் நல்ல வன்தட்டுகள் இரண்டும் இருந்தால், ஒரு சிறிய காரியாலயத்துக்குப் போதுமானது.

லினக்ஸில் இதற்குப் பிரதான வழிகள் இரண்டு உள்ளன. ஒன்று என்.எப்.எஸ். எனப்படுவது. யுனிக்ஸ் கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிர்வதற்காக 1984 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கியது. லினக்ஸ் கணினிகள் மாத்திரமே உள்ள இடத்தில் இது எளிமையானது. ஆயினும் இதன் வழமையான அமைப்பு ஆளைக் கடவுச்சொல்லால் அன்றி எண்ணால் அடையாளங் காண்கிறது. 'இவர் 1001 ஆம் இலக்கப் பயனாளர்' என்று எதிர்முனைக் கணினி கூறினால் சேவையகம் அதனை அப்படியே நம்பிவிடும். தமது மடிக்கணினியில் அதே இலக்கத்தை இட்டுக்கொண்டவர் பிறருடைய கோப்புகளைத் திறந்துவிடலாம். கெர்பரோஸ் என்னும் அடையாளச் சோதனையை இணைத்து இதனைத் தடுக்க முடியும் என்றாலும், சிறிய காரியாலயத்துக்கு அது சிரமமான காரியமே.

மற்றையது சம்பா. நமது வயல்களில் விளையும் சம்பாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் மொழி எஸ்.எம்.பி. எனப்படும். 1991 ஆம் ஆண்டின் இறுதியில், கன்பராவிலுள்ள அவுஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அன்ட்ரூ ட்ரிட்ஜெல், தமது மேசைக் கணினியிலிருந்து யுனிக்ஸ் கணினியின் கோப்புகளை அணுக விரும்பினார். விளக்க நூல் எதுவும் கையில் இல்லை. கணினிகளுக்கிடையே செல்லும் தரவுகளைக் கவனித்துக் கவனித்தே அம்மொழியை விளங்கிக்கொண்டு நிரலை எழுதினார். மொழி தெரியாத ஒருவர் பிரெஞ்சு உணவகமொன்றில் அமர்ந்து, பிறர் என்ன சொல்ல என்ன வருகிறது என்பதைப் பார்த்தே கற்றுக்கொள்வது போன்றது இது என அவரே பின்னர் விளக்கியிருக்கிறார். அவர் முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்துக்குரியதாக இருந்தமையால், எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடினார். அகப்பட்டவற்றுள் ஒன்றே சம்பா.

இவ்வாறு ஒட்டுக்கேட்டே வளர்ந்த மென்பொருளுக்குப் பின்னர் நியாயமும் கிடைத்தது. மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது சேவையகங்கள் பேசும் மொழியின் விபரங்களைப் போட்டியாளர்களுக்கு வழங்கவேண்டும் என ஐரோப்பிய ஆணைக்குழு 2004 இல் தீர்மானித்தது. 2007 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் 10,000 யூரோ செலுத்தப்பட்டு அந்த ஆவணங்கள் சம்பா குழுவினருக்குப் பெற்றுக்கொடுக்கப்பட்டன.

நிறுவும் வேலை ஒரு மணித்தியாலத்துக்குரியதே. உபுண்டு, டெபியன் போன்றவற்றில் ஒரே கட்டளையால் சம்பாவை இறக்கி நிறுவலாம். சேவையகத்தின் வலையமைப்பு முகவரி நாளுக்கு நாள் மாறாதவாறு முதலில் நிலைப்படுத்தவேண்டும். பின்னர் பகிரவேண்டிய அடைவை உருவாக்கி, அதன் பெயர், இருப்பிடம், அனுமதி பெற்றோர் ஆகிய விபரங்களைச் சம்பாவின் அமைப்புக் கோப்பில் சில வரிகளாக எழுதவேண்டும். அதில் பிழை உண்டா என்பதை டெஸ்ட்பார்ம் என்ற கட்டளை காட்டிக்கொடுக்கும். தீச்சுவரில் 445 ஆம் துறையை உள்ளக வலையமைப்புக்கு மாத்திரம் திறந்துவிட்டால், விண்டோஸ் கணினிகளில் பொதுக் கோப்புறை தென்படும்.

அநேகர் இடறி விழுவது இதற்குப் பின்னர்தான். சம்பாவில் ஒரு கதவுக்கு இரண்டு பூட்டுகள் உள்ளன. ஒன்று சம்பாவினுடையது, மற்றையது லினக்ஸ் அடைவினுடையது. ஒன்றைத் திறந்து மற்றையதை மறந்தவர்கள் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற அறிவித்தலைக் கண்டு திகைப்பர். கடவுச்சொல்லும் அவ்வாறே: லினக்ஸில் கணக்கு இருந்தாலும் சம்பாவுக்கெனக் கடவுச்சொல்லை வேறாகப் பதியவேண்டும். பொறுமை இழந்தவர்கள், எவரும் எதனையும் எழுதலாம், அழிக்கலாம் என்று 777 என்ற அனுமதியை வழங்கிவிட்டுப் பிரச்சினை தீர்ந்ததாகக் கருதுவர். உண்மையில் பிரச்சினை அங்குதான் தொடங்குகிறது.

செய்யவேண்டியது இதுதான். பணியாளர்களைக் குழுக்களாக்கி, அடைவைக் குழுவின் உடைமையாக்கி, 2770 என்ற அனுமதியை வழங்கவேண்டும. இங்கு முதலிலுள்ள 2, உள்ளே உருவாகும் ஒவ்வொரு புதிய கோப்பும் அக்குழுவுக்கே உரியதாகச் செய்கிறது. இரண்டு ஏழுகளும் உரிமையாளருக்கும் குழுவினருக்கும் முழு அனுமதியைத் தருகின்றன. ஈற்றிலுள்ள பூச்சியம் ஏனையோருக்குக் கதவை அடைக்கிறது. புதிய கோப்புகளில் குழுவினர் எழுதுவதற்கான அனுமதியைச் சம்பாவின் அமைப்புக் கோப்பிலும் குறிப்பிடவேண்டும். இல்லையேல் ஒருவர் உருவாக்கிய கோப்பை அடுத்தவர் திருத்த முடியாது போய்விடும்.

நான் அறிந்த காரியாலயமொன்றில் முழு நாளும் தயாரித்த விசேட அனுபந்தத்தின் கோப்புறையை ஒருவர் மாலையில் தவறுதலாக அழித்துவிட்டார். குப்பைத் தொட்டியில் இருக்கும் என்று அவர் நிதானமாகவே கூறினார். அங்கே எதுவும் இருக்கவில்லை. வலையமைப்பில் உள்ள கோப்பை அழித்தால் அது விண்டோஸின் குப்பைத் தொட்டிக்குச் செல்வதில்லை. நேரே இல்லாமற் போய்விடும். சம்பாவில் மீள்சுழற்சிக்கென ஒரு துணைக்கூறு உண்டு. அமைப்புக் கோப்பில் அதனைச் செயற்படுத்தினால், அழிக்கப்பட்டவை தனியானதோர் அடைவில் சேரும். அந்தச் சில வரிகளை எழுதாமையால் அன்றிரவு நால்வர் விடியும்வரை விழித்திருந்தனர்.

தமிழில் பணியாற்றுவோர் அறியவேண்டிய நுணுக்கம் ஒன்றும் உண்டு. விண்டோஸில் கோப்பின் பெயர் 255 குறிகள் வரை நீளலாம். லினக்ஸின் வழமையான கோப்பு முறைமையில் எல்லை 255 பைட்டுகள் ஆகும். யுனிகோட்டின் யு.டி.எப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கிறது. 'க' ஒரு குறி; 'க்' என்பதும் 'கொ' என்பதும் இரண்டு குறிகள். ஆகவே பெயரில் 85 குறிகளுக்கு மேல் இடமில்லை. எழுத்துகளாக எண்ணினால் ஐம்பது, அறுபதுக்குள் அடங்கிவிடும். கட்டுரையின் நீண்ட தலைப்பையே கோப்புக்குப் பெயராக இடும் பழக்கமுள்ளவர்கள், தமது கணினியில் சேமிக்க முடிந்தது சேவையகத்தில் ஏன் முடியவில்லை என்று குழம்புவதற்குக் காரணம் இதுவே. ஆங்கிலத்தில் பெயரிடுவோருக்கு இத்தொல்லை நேர்வது அரிது.

பாதுகாப்பு விடயத்தில் லினக்ஸ் என்பதற்காக மாத்திரம் நிம்மதி கொள்ள முடியாது. 2017 மே 12 ஆம் திகதி பரவத் தொடங்கிய வன்னாக்ரை என்னும் கப்பம் கோரும் தீநிரல், எஸ்.எம்.பி.யின் முதலாவது பதிப்பில் விண்டோஸ் கொண்டிருந்த ஓட்டையினூடாக நுழைந்து, பிரித்தானிய வைத்தியசாலைகளின் பணிகளையும் முடக்கியது. அதே மாதத்தில் சம்பாவிலும் 2010 முதல் கவனிக்கப்படாதிருந்த பாரதூரமான ஓட்டையொன்று அறிவிக்கப்பட்டது. ஆகவே புதுப்பித்தல்களைத் தவறவிடக்கூடாது. பழைய முதலாம் பதிப்பை இயக்கக்கூடாது. 445 ஆம் துறையை இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பொதுக் கோப்புறையையே காப்புப் பிரதியாகக் கருதுவதாகும். எழுதும் அனுமதியுள்ள ஒரு விண்டோஸ் கணினியில் தீநிரல் புகுந்தால், சேவையகத்தின் கோப்புகளையும் அது பூட்டிவிடும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை அத்தகைய தாக்குதலுக்கு உள்ளாகியது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அக்காலப்பகுதிக்கான காப்புப் பிரதி இருக்கவில்லை. அரசாங்கத்துக்கே இந்நிலை நேர்ந்ததெனில், நமது சங்கங்களின் அங்கத்துவப் பதிவேடுகளையும் பள்ளிவாசல்களின் விவாகப் பதிவுகளையும் பத்திரிகைகளின் பழைய இதழ்களையும் ஒரே வன்தட்டில் விட்டுவைப்பதை என்னவென்பது? 1981 இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தையும் 2004 சுனாமியில் கிழக்குக் கரையோரம் இழந்த ஆவணங்களையும் அறிந்த நமக்கு, பிரதியற்ற ஒன்றை இழப்பதன் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை.

சம்பாவைத் தொடங்கிய அதே ட்ரிட்ஜெல், போல் மக்கெராஸுடன் இணைந்து 1996 இல் ஆர்சிங்க் என்ற மென்பொருளையும் வெளியிட்டார். கோப்புகளில் மாறிய பகுதிகளை மாத்திரம் கண்டறிந்து பிரதி செய்வது அதன் சிறப்பு. சேவையகத்தில் இரவு தோறும் அது தானாக இயங்குமாறு அமைக்கலாம். பிரதி சென்று சேரும் வன்தட்டு எந்தப் பயனாளரின் கணினிக்கும் தென்படக்கூடாது. வாரமொருமுறை இன்னொரு வன்தட்டில் பிரதியெடுத்து, அதனைக் கழற்றி வேறு கட்டடத்தில் வைக்கவேண்டும். மாதமொருமுறை ஏதேனுமொரு கோப்பை அப்பிரதியிலிருந்து மீட்டெடுத்துத் திறந்து பார்க்கவேண்டும். அதனைச் செய்யவேண்டியவர் யார் என்பதைச் சேவையகத்தை நிறுவும் அன்றே பெயர் குறித்து எழுதிவைப்பது நல்லது.