கேன்டீன் சோறும் கிடாக் குட்டியும்

ஓசூர் சிப்காட்டில் மதியச் சாப்பாட்டு ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீன்களின் பின்வாசலில் மீந்த சோறும் சாம்பாரும் டிரம்களில் நிறையும். பக்ரீத்துக்கு நாலு மாதம் இருக்கும்போது குட்டி வாங்கிக் கட்டியவருக்கு, தவிடும் புண்ணாக்கும் விற்கிற விலையில், அப்படி ஒரு டிரம் கிடைத்தால் பெரிய தெம்பு. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். குப்பைமேட்டுக்குப் போகிற சோறு கறியாக மாறுவது நல்ல காரியம். ஆனால் ஆட்டுக்கு வைக்கும் முன் ஒரு தடவை டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். ஊறுகாய் பாக்கெட்டின் கிழிந்த மூலை, பல் குத்தும் குச்சி, ரப்பர் பேண்ட், கசங்கிய டீ கப், கோழி எலும்பு எல்லாம் கையில் தட்டுப்படும். ஆட்டின் வயிற்றுக்குள் போன பிளாஸ்டிக் செரிக்காது. உள்ளேயே தங்கித் திரளும்.

அதைவிடப் பெரிய ஆபத்து அந்த வெள்ளைச் சோற்றிலேயே இருக்கிறது. ஆடு அசைபோடும் பிராணி. அதன் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் தழையையும் தட்டையையும் மெல்ல நொதிக்க வைத்துப் பழகியவை. முகூர்த்தம் முடிந்த மறுநாள் மண்டபத்துச் சோறு அன்னக்கூடை நிறைய வந்தது என்று பசித்த குட்டிகளுக்கு ஒரேயடியாகக் கொட்டினால், மாவுச்சத்து சில மணி நேரத்தில் லாக்டிக் அமிலமாகிவிடும். ஆடு அசைபோடுவதை நிறுத்தும், பல்லைக் கடிக்கும், புளிச்ச வாடையோடு கழியும், தள்ளாடிப் படுக்கும். ஒரே நாளில் செத்தும் போகும். கொழுத்த குட்டியாகப் பார்த்துத் தாக்கும் துள்ளுமாரி நோய்க்கும் இந்தத் திடீர்த் தீனிதான் வழிவிடுகிறது. அதனால் தீனியைக் கூட்டுவதற்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் துள்ளுமாரித் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

எவ்வளவு கொடுக்கலாம்? இருபது கிலோ குட்டிக்கு நாள் முழுவதற்கும் தேவைப்படும் தீனி, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், 600 முதல் 800 கிராம். அதில் பாதிக்கு மேல் ராகித்தட்டு, சோளத்தட்டு, கடலைக்கொடி, தழை என்று நாராக இருக்கட்டும். சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். ஒரு கிலோ சோறு காய்ந்தால் ஏறக்குறைய 300 கிராம் தேறும். முதல் நாள் ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் மெதுவாகக் கூட்டுங்கள். தட்டை தின்ற பிறகே சோற்றை வையுங்கள். சோற்றில் புரதம் குறைவு என்பதால் வேலிமசாலோ அகத்தியோ கொஞ்சம் கடலைப் புண்ணாக்கோ சேர்க்க வேண்டும். சாம்பாரில் உப்பு இருக்கிறது, நல்ல தண்ணீர் எப்போதும் பக்கத்திலேயே இருக்கட்டும். மிஞ்சியதை அன்றைக்கே வெயிலில் பரப்பிக் காயவைத்தால் கெடாது. பூசணம் பிடித்தால் அஃப்லாடாக்ஸின் என்ற நஞ்சு சேரும், கழுவினாலும் போகாது. சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வுக்கூடத்தில் சோதிக்கலாம்.

பிரியாணி நாளில் இறைச்சி கலந்து வரும் டிரம்மை மட்டும் ஆட்டுக்கு வைக்கவே வேண்டாம். பன்றி, மாடு சார்ந்த இறைச்சித்தூளும் எலும்புத்தூளும் கலந்த தீனியை ஆடு மாடுகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. இங்கிலாந்தில் 2001-இல் பரவிய கோமாரி, சரியாக வேகவைக்காத எச்சில் தீனி போட்ட ஒரு பன்றிப் பண்ணையில் தொடங்கியதாகக் கண்டறிந்தார்கள். அந்த ஆண்டு அங்கே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். அதில் பெரும்பகுதி செம்மறி ஆடுகள். கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளி வழியாகத் தினமும் ஆடும் மாடும் இரு மாநிலத்துக்கும் போய்வரும் நம் பகுதியில் நோய்க்கு எல்லைக்கோடு கிடையாது.

சும்மா கிடைப்பதைக் கேள்வி கேட்க முடியுமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெருங்கழிவு உற்பத்தியாளர் என்கின்றன. குப்பையை ஈரம், உலர் என்று பிரிப்பது அவர்கள் பொறுப்பு. சைவம் தனி, இறைச்சி தனி, பிளாஸ்டிக் இல்லாமல், சமைத்த அன்றைக்கே எடுப்பது என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவையுங்கள். யாராவது ஏரிக்கரையிலோ மேய்ச்சல் நிலத்திலோ எச்சிலைக் கொட்டிவிட்டுப் போனால் படம் எடுத்து, ஓசூர் மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ, ஓசூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். வேண்டுமென்றே விஷம் வைத்து ஆட்டைக் கொன்றால் அது பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

ஆடு வயிறு ஊதிப் படுத்தால் முதலில் கால்நடை உதவி எண் 1962-க்கு அழையுங்கள். தலை தொங்கிக் கிடக்கிற ஆட்டின் வாயில் எண்ணெயோ சோடா உப்புக் கரைசலோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டர் சொன்ன பிறகு, சொன்ன அளவில் கொடுங்கள். தேசிய கால்நடை இயக்கக் காப்பீட்டில் 2024 மாற்றத்துக்குப் பிறகு வளர்ப்பவர் கட்ட வேண்டியது பிரீமியத்தில் 15 சதவீதம்தான், பட்டிக்குக் குட்டி வந்ததுமே மருந்தகத்தில் அதைக் கேளுங்கள். காப்பீடு செய்த ஆடு செத்தால் உடனே காப்பீட்டு நிறுவனத்துக்கும் டாக்டருக்கும் தகவல் சொல்லிவிட்டு, பிரேதப் பரிசோதனை முடியும்வரை புதைக்காதீர்கள். காதில் உள்ள அடையாளக் கம்மலைக் கழற்றாமல் அப்படியே விட்டுவையுங்கள்.