றேபெ விளக்கும் எங்கள் பிள்ளைகளும்



"நன்றி கெட்ட பிள்ளை!" என்று நானும் என் மகனை ஏசியிருக்கிறேன். சோற்றை மிச்சம் விட்டு எழும்பினால், "நாங்கள் வன்னியில பட்ட பாடு தெரியுமோ உனக்கு?" என்று தொடங்கிவிடுவேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு 2009 ஆம் ஆண்டைப் பற்றி என்ன விளங்கும்? தலையைக் குனிந்துகொண்டு இருப்பான். பயந்தானே தவிர வேறொன்றும் படிக்கவில்லை. பாலர் வகுப்பில் பழக்கியபடி எதற்கெடுத்தாலும் 'டங்கெ' சொல்வான். அதுவும் வாய்ப்பாடு போலத்தான். எங்கள் வீடுகளிலோ தாய் தகப்பனுக்கு நன்றி சொல்லும் வழக்கமே இல்லை. சொன்னால் சிரிப்பு வரும்.

சுவிசின் ஜேர்மன் மொழிப் பகுதிகளில், முக்கியமாகச் சூரிச் பக்கம், நவம்பர் மாதத்தில் சிறுவர்கள் 'றேபெலியெக்ட்லி' விளக்கோடு ஊர்வலம் போவதைப் பார்த்திருப்பீர்கள். றேபெ என்பது மேலே ஊதா, கீழே வெள்ளையாயிருக்கும் டேர்னிப் கிழங்கு. தானியம் அறுத்த வயலில் கோடையில் விதைத்து, குளிர் இறுகுமுன் எடுப்பார்கள். உருளைக்கிழங்கு பரவுவதற்கு முன்னர் ஏழைகளின் மாரிகாலச் சாப்பாடு இது. ஆண்டின் கடைசி விளைச்சலுக்கு நன்றியாகத்தான் இந்த விளக்கு என்கிறார்கள். சூரிச் ஏரிக்கரையில் உள்ள றிக்டெர்ஸ்வில் ஊரில், நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை, தொன் கணக்கான கிழங்கைக் குடைந்து தெருவையே நிறைத்துவிடுவார்கள்.

எங்கள் கார்த்திகை விளக்கீடும் இதே காலந்தானே? அம்மா படலையடியில் வாழைக்குற்றி நட்டு, பாதிப் பப்பாசிக்காயைக் குடைந்து, எண்ணெய் விட்டுத் திரி வைப்பார். ஆகவே காயில் விளக்கேற்றுவது நமக்கொன்றும் புதினமல்ல.

போன வருடம் விளக்குச் செய்யப் பெற்றோரையும் வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். இரவு வேலை முடித்து, நித்திரைக் கண்ணோடு போனேன். செய்முறை சுலபம், ஆனால் கை நோகும். தலைப்பக்கத்தை மூடி போல வெட்டி, உள்ளே கரண்டியால் சுரண்டவேண்டும். சுவர் 1 சென்ரிமீற்றர் மொத்தத்தில் நிற்கட்டும். பிறகு ஊதாத் தோலை மட்டும் மெல்லிதாகச் செதுக்கி நிலா, நட்சத்திரம் கீறலாம். வெள்ளைச் சதைக்கூடாக வெளிச்சம் வரும். ஆழமாக வெட்டி ஓட்டை விழுந்தால் காற்றுக்கு மெழுகுதிரி நூரும். மூடியில் புகை போக ஒரு துளை, தூக்கிப் பிடிக்க மூன்று நூல். கத்தி வேலை பெரியவர்களுக்கு, சுரண்டுவது பிள்ளைக்கு. பாவம் என்று அதை நீங்கள் வாங்கிச் செய்துவிடாதீர்கள்!

அரைவாசியில் மகன் களைத்துப்போனான். "அப்பா, கல்லு மாதிரி இருக்கு. இதை ஆர் கிண்டினது?"

"கமக்காரர்."

"பிறகு ஆர் கழுவினது?"

எனக்கு வாய் வரவில்லை. நான் வேலை செய்வது மரக்கறி கழுவிப் பொதி செய்யும் தொழிற்சாலையில். கரட், பீற்றூட், இந்தக் கிழங்கு எல்லாம் எனக்கு முன்னால்தான் ஓடும். மகனிடம் 'கொம்பனி வேலை' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். படி, படி என்று அவனை நெருக்கும் அப்பா கிழங்கு கழுவுகிறார் என்று சொல்ல வெட்கம்.

"என்னைப் போல ஆக்கள்தான்" என்றேன்.

கரண்டியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தான். குளிர்த் தண்ணீரில் வெடித்த விரல்கள். "இதாலயோ இப்பிடி?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். திரும்பவும் சுரண்டத் தொடங்கினான்.

நன்றியாயிரு, நன்றியாயிரு என்று அகதிகளான எங்களுக்கும் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? கேட்கும்போது எரிச்சல்தானே வந்தது. பிள்ளைக்கும் அப்படித்தான். அவன் கையில் வேலையைக் கொடுத்தால் கேள்வி தானாக வருகிறது.

சுரண்டிய சதையை எறியாதீர்கள். என் துணைவி தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தார். அன்றைக்கு மகன் மிச்சம் விடவில்லை. (மறுநாள் விட்டான், அது வேறு கதை.)

ஊர்வலம் நடந்த அன்றும் எனக்கு இரவு வேலை. வீட்டுக்கு வந்ததும் புறப்பட்டேன். "கொண்டு போங்கோ அப்பா, வெளியில இருட்டு" என்று விளக்கை நீட்டினான். பஸ் தரிப்பு வரை கொண்டுபோனேன். சூட்டில் கிழங்கு அவிந்து மணத்தது. பஸ் சாரதி சிரித்துக்கொண்டே, ஊதி நூர்த்துவிட்டு ஏறச் சொன்னார்.