களையை அடக்கும் மூடுபயிர்: காய்கறித் தோட்டத்திற்கு ஏற்றது எது?

விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி, பாலை எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலில் வீடு திரும்பும் தொழிலாளிக்கு, வீட்டின் பின்புறக் காய்கறித் தோட்டம் ஓர் உதவியாக இருக்க வேண்டுமேயன்றிச் சுமையாக இருத்தல் ஆகாது. ஆனால், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெறும் மலாக்கா மாநிலத்தில், இன்று கொத்திய பாத்தியில் இரு வாரங்களில் புல் தலைகாட்டிவிடுகின்றது. குருபோங் வட்டாரத்தில் தோட்டத்து வீட்டில் வாழ்வோராயினும், அங்கிருந்து வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்து சிறு நிலத்தில் பயிரிடுவோராயினும், கத்தரியும் வெண்டையும் நட்டவர் எல்லாருக்கும் இது பொதுவான தொல்லையாகும்.

இத்தொல்லைக்கு நம் ரப்பர்த் தோட்டங்களே ஒரு வழியைக் காட்டியுள்ளன.

தோட்டம் கற்பித்த பாடம்

மலாயாவில் வாணிப முறையிலான முதல் ரப்பர்த் தோட்டத்தை 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தோற்றுவித்தார். அதன் பின்னர் பரவிய தோட்டங்களில், மரங்களுக்கு இடையே ஒரு புல்லும் இராதபடி நிலத்தைச் சுத்தமாக வைத்திருப்பதே சிறந்த முறை எனத் தொடக்கத்தில் கருதப்பட்டது. நம் முன்னோர் மண்வெட்டியும் கையுமாக நின்று அவ்வேலையைச் செய்தனர். ஆயினும், மூடப்படாத குன்றுச் சரிவுகளில் பெய்த மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போயிற்று. மண்ணின் வளம் குன்றியது.

இதனை உணர்ந்த பின்னரே, இளம் ரப்பர் மரங்களுக்கு இடையே பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய அவரையினக் கொடிகளை வளர்க்கும் முறை நிலைபெற்றது. இக்கொடிகளின் வேர்களில் காணப்படும் சிறு முடிச்சுகளில் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக மாற்றித் தருகின்றன. இலைகளோ நிலத்திற்கு நிழல் தருகின்றன. களை விதைகள் பலவும் முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டும். லாலான் புல்லும் அடர்ந்த நிழலில் நலிந்துபோகும். ஆகவே, வெளிச்சத்தை மறைப்பதே களையை அடக்கும் வழி என்பது தெளிவு.

எல்லா மூடுபயிரும் ஏற்றதல்ல

அவ்வாறாயின், தோட்டத்திலிருந்து ஒரு பியூரேரியாக் கொடியைக் கொணர்ந்து காய்கறிப் பாத்தியில் நட்டுவிடலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அது தவறாகும். ஓங்கி வளரும் மரத்திற்கு ஏற்ற கொடி, இடுப்பளவு வளரும் கத்தரியின் மேல் ஏறி அதனை மூடிவிடும். 1991ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட முக்குனா பிராக்டியாட்டா என்னும் கொடி இன்னும் வேகமாகப் படர்வது. வீட்டுத் தோட்டத்திற்கு அது சிறிதும் ஆகாது.

செலாப்புட் துங்குல் என மலாய்க்காரர் வழங்கும் மிக்கேனியாக் கொடியின் வரலாறும் இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது. இந்தோனேசியாவில் 1950களில் ரப்பர்த் தோட்டங்களில் மூடுபயிராகப் பயன்படுத்தப்பட்ட இக்கொடி, இன்று தோட்டங்களுக்குப் பெருங்களையாக விளங்குகின்றது. தண்டின் சிறு துண்டு மண்ணில் விழுந்தாலும் வேர்விட்டுப் படரும் இதனைப் பாத்திக்கு அருகே விட்டுவைத்தல் கூடாது.

எனவே, ஒரு மூடுபயிரைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்க. அது காய்கறிச் செடியின் மேல் ஏறுமா? வேண்டாதபோது எளிதில் அகற்ற முடியுமா? அதனால் வீட்டிற்கு வேறு பயன் உண்டா?

ஏற்ற பயிர்கள்

சர்க்கரைவள்ளி: ஓரடி நீளமுள்ள கொடித் துண்டுகளை நட்டால் ஏறத்தாழ இரு மாதங்களில் நிலத்தை மூடிவிடும். தளிர் கீரையாகும், கிழங்கு உணவாகும். வாழை, முருங்கை ஆகியவற்றின் கீழ் நடுவதற்கு மிகவும் ஏற்றது. மிளகாய் போன்ற சிறு செடிகளுக்கு இடையே நட்டால் உரத்திற்கும் நீருக்கும் போட்டியிடும்.

தட்டைப்பயறு: ஓர் அறுவடை முடிந்து பாத்தி வெறுமையாகக் கிடக்கும் காலத்தில், படரும் வகையை விடுத்துக் குத்தாக வளரும் வகையை நெருக்கமாக விதைக்கலாம். பூக்கும் பருவத்தில் அடியோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டு, தழையை மேலே பரப்பிவிட்டால் அடுத்த பயிருக்கு உரமாகும்.

நிலக்கடலை: மணற்பாங்கான மண்ணில், வெண்டை வரிசைகளுக்கு இடையே நன்கு வளரும். இதுவும் வேர் முடிச்சுள்ள பயிரே.

பூசணி: அகன்ற இலைகளால் நிலத்தை விரைவில் மறைக்கும். பரந்த இடம் உள்ளவர்களுக்கே ஏற்றது.

மஞ்சள் பூப் பூக்கும் காட்டுக்கடலை: பிரேசில் நாட்டைச் சேர்ந்த இது நடைபாதை ஓரத்திற்கும் பழமரங்களின் அடிக்கும் தகும். பல்லாண்டு நிலைப்பதாதலின் பாத்திக்குள் வேண்டாம்.

மூடாக்கு

கங்கோங், சாவி, மிளகாய் ஆகியவை வளரும் பாத்திகளில் உயிருள்ள மூடுபயிரைவிட உலர்ந்த மூடாக்கே நன்று. பூக்குமுன் அறுத்து உலர்த்திய லாலான் தாள், பால்மரம் ஆண்டின் தொடக்க மாதங்களில் உதிர்க்கும் இலை ஆகியவை செலவின்றிக் கிடைப்பன. இரண்டு அல்லது மூன்று அங்குலக் கனத்திற்குப் பரப்புக. செடியின் தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விடுக. இல்லையெனில் தண்டு அழுகும். காய்ந்த சருகை மண்ணுக்குள் புதைத்தால், அது மட்கும்போது பயிருக்குரிய நைட்ரஜனை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். மேலே பரப்புவதே முறை. மழைக்காலத்தில் மூடாக்கினடியில் நத்தை தங்கும். மாலையில் பார்த்துப் பொறுக்கிவிடுக.

ஒன்று மறவாதீர். லாலான் வேர்த்தண்டையும் கோரைக்கிழங்கையும் முதலில் தோண்டி எடுத்த பின்னரே மூட வேண்டும். இவை மூடாக்கைத் துளைத்துக்கொண்டு மேலெழும். வீட்டு வாயிலருகே அடர்ந்த கொடி வளர்ப்பதும் வேண்டாம். எலியும் பாம்பும் அங்கே தங்கும்.

குடும்ப நலன்

களைக்கொல்லி மருந்தடித்தால் ஒரு நாளில் வேலை முடியுமே என்பார் உளர். தோட்டங்களில் நெடுங்காலம் தெளிக்கப்பட்ட பாராகுவாட் என்னும் மருந்து, அதன் கொடிய நச்சுத்தன்மையினால் 2020 சனவரி முதல் நாள் தொட்டு மலேசியாவில் தடைசெய்யப்பட்டது. வேலைக்களத்தில் கையுறையும் முகமூடியும் அணிந்து கையாள வேண்டிய மருந்தை, குழந்தைகள் விளையாடும் இடத்திலும், அன்றாடம் கீரை பறிக்கும் பாத்தியிலும் தெளிப்பது அறிவுடைமையாகுமா?

அடுத்த மழைக்குமுன் ஒரே ஒரு பாத்தியைத் தேர்ந்தெடுத்து, பாதியை மூடியும் பாதியை மூடாமலும் விட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் எந்தப் பாதியில் களை பறிக்க அதிக நேரம் செலவாகின்றது என்பதை உங்கள் கைகளே உங்களுக்குக் கூறிவிடும்.