பந்தா கிடா... ஸ்டாக் காலி!

சண்டைன்னா முன்னாடி நிக்கிறவன்தான் எல்லாத்துலயும் ஜெயிப்பான்னு நினைக்கிறீங்களா பாஸ்? ஸ்காட்லாந்துல ஒரு ஆட்டுக் கூட்டம் 'அட போங்கப்பா'ங்குது!

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, அட்லான்டிக் கடல்ல இருக்கு செயின்ட் கில்டா தீவுக்கூட்டம். அதுல பெரிய தீவு ஹிர்ட்டா. 1930-ல் அங்கிருந்த மக்கள் மொத்தமா கிளம்பிட்டாங்க. 1932-ல் பக்கத்துத் தீவுல இருந்து 'சோயே' இனச் செம்மறிகளைக் கொண்டுவந்து விட்டாங்க. மேய்ப்பன் கிடையாது, வேலி கிடையாது. 1985-ல் இருந்து விஞ்ஞானிகள் இந்த ஆடுகளுக்குக் காதுல அடையாளம் மாட்டி, ஜாதகமே எழுதிட்டு வர்றாங்க.

நவம்பர் வந்தா அங்கே காதல் சீஸன். பெரிய கொம்பும் உடம்பும் உள்ள கிடா, மத்ததை முட்டித் துரத்திடும். பெட்டைகளோட அதிகம் சேருறதும் அதுதான். ஆனா, பருவத்துக்கு வந்த பெட்டை பல கிடாக்களோட சேரும். அதனால, அடுத்த ரவுண்டு போட்டி பெட்டையோட உடம்புக்குள்ளே... விந்தணுக்களுக்கு நடுவுல!

எந்தக் குட்டிக்கு எது அப்பான்னு ஆராய்ஞ்சு, 2001-ல் 'நேச்சர்' இதழ்ல ரிசல்ட் போட்டாங்க. சீஸன் ஆரம்பத்துல பந்தா கிடாவுக்குத்தான் நிறையக் குட்டி. நாள் போகப் போக அந்த லீடிங் கரைஞ்சுபோச்சு. காரணம், ஸ்டாக் காலி! கிடாவுக்கு ஒரு விந்தணு உருவாகவே சுமார் 7 வாரம் ஆகும். உற்பத்தி தினமும் நடந்தாலும், வரவை மிஞ்சின செலவு. அதனாலதான் பண்ணைக்காரங்க கிடா வாங்கும்போது கொம்போட நிறுத்தாம, டேப் வெச்சு விதைப்பைச் சுற்றளவையும் அளக்கிறாங்க. ஒரு கிடாவுக்கு இத்தனை பெட்டைதான்னு கணக்கும் வெச்சுக்கிறாங்க.

அப்ப சேர்த்து வெச்சுட்டே இருந்தா? அதுவும் வேலைக்காகாது. சும்மா இருக்கிற கிடாவுக்குப் பழைய விந்தணுக்கள் சிறுநீரோட போயிடும். ரொம்ப நாள் ஓய்வுக்குப் பிறகு வர்ற முதல் விந்துல செத்த அணுக்களும் அதிகம்.

இதைக் கேட்டுட்டு, 'சொட்டு போனா சக்தி போச்சு'ன்னு மிரட்டுற லாட்ஜ் வைத்தியர்கிட்ட ஓடிடாதீங்க! இது குட்டிக் கணக்கு. உடம்பு பலத்தோட கணக்கு இல்லை. கிடாவைச் சாய்க்கிறதும் விந்து போனது இல்லை. சீஸன் பூரா சரியா மேயாம, சண்டையும் துரத்தலுமா அலையுதே, அதுதான். இளைச்சுப்போய்க் குளிர்காலத்துல நுழையுது. பஞ்சம் வர்ற வருஷங்கள்ல பெட்டைகளைவிடக் கிடாக்கள்தான் அதிகம் சாகுது.

ஸோ, முட்டுங்க, வேணாங்கலை. நடுவுல கொஞ்சம் மேயுங்க பாஸ்!