லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் சார்ஜர் தாங்கி

சார்ஜர் தாங்கி என்பது பிரித்தானியப் படைகளின் லீ-என்ஃபீல்டு வகைத் துப்பாக்கிகளில், ஐந்து தோட்டாக்களை ஒரே தள்ளலில் தோட்டாப்பெட்டிக்குள் இறக்குவதற்காக உடற்பகுதியின் மேல் அமைந்த சிறு எஃகு உறுப்பு ஆகும். 1888இல் வெளிவந்த முதல் துப்பாக்கியில் இவ்வுறுப்பு கிடையாது. 1902-03 காலப்பகுதியில் இது இரு துண்டுகளாகச் சேர்க்கப்பட்டது. 1907இல் போல்ட்டின் மேலாகச் செல்லும் ஒரே பாலமாக மாறியது. உருவில் சிறியதாயினும், போர்வீரன் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுட இயலும் என்பதை முடிவு செய்த உறுப்பு இதுவே.

சார்ஜர் என்பது யாது?

சார்ஜர் என்பது ஐந்து தோட்டாக்களின் அடிப்பகுதியை வரிசையாகப் பற்றிக்கொள்ளும் வளைந்த எஃகுப் பட்டை. இதனைத் தோட்டாப்பெட்டியுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. பட்டை துப்பாக்கிக்குள் செல்வதில்லை. அதனைத் தாங்கியின் பள்ளத்தில் நிறுத்திப் பெருவிரலால் அழுத்தினால் தோட்டாக்கள் மட்டும் பெட்டிக்குள் இறங்கும். வெறும் பட்டை வெளியே அகற்றப்படும்.

பிரித்தானியரின் .303 அங்குலத் தோட்டாவின் அடியில் புடைத்த விளிம்பு உண்டு. பெட்டிக்குள் மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் சிக்கிக்கொண்டால் துப்பாக்கி இயங்காமல் நின்றுவிடும். ஆகவே சார்ஜரில் தோட்டாக்களை அடுக்குவதற்கும் ஒரு முறை இருந்தது. 1, 3, 5ஆம் தோட்டாக்களின் விளிம்புகள் பட்டையின் அடியை ஒட்டி இருக்கும். 2, 4ஆம் தோட்டாக்களின் விளிம்புகள் அவற்றின் மேல் படிந்திருக்கும். இவ்வடுக்கின் நன்மை எளிதானது. பட்டையை எந்த முனை கீழாகச் செருகினாலும் வரிசை மாறாது. பதற்றத்தில் இருக்கும் வீரன் முனை பார்த்துச் செருக வேண்டிய தேவை இல்லை.

தாங்கி இல்லாத காலம் (1888-1902)

இசுக்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜேம்ஸ் பாரிஸ் லீ, 1879இல் பெட்டி வடிவத் தோட்டாப்பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதனை அடிப்படையாகக் கொண்ட லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியைப் பிரித்தானியா 1888 திசம்பரில் ஏற்றுக்கொண்டது. அதன் பெட்டி 8 தோட்டாக்கள் கொண்டது. 1892இல் வந்த இரண்டாம் வடிவத்தில் அது 10 ஆயிற்று. 1895இல் வந்த லீ-என்ஃபீல்டிலும் பெட்டி அதுவே. ஆனால் பெட்டியை நிரப்ப ஒவ்வொரு தோட்டாவாகவே இட வேண்டும்.

இது வடிவமைப்பாளரின் கவனக்குறைவு அன்று. அன்றைய போர்க் கொள்கையின் விளைவு. வேகமாகச் சுட வாய்ப்பளித்தால் வீரர்கள் தோட்டாக்களை வீணாக்குவர் என்று தளபதிகள் அஞ்சினர். அதனால் பெட்டியின் வாயை மூடும் 'கட்-ஆஃப்' என்னும் தகடு பொருத்தப்பட்டது. வீரன் அதனை மூடிவைத்து, ஒரு தோட்டா இட்டு ஒரு முறை சுட்டு மீண்டும் ஒரு தோட்டா இட வேண்டும். பெட்டியிலுள்ளவை நெருக்கடிக்கான சேமிப்பு. சேமிப்பை விரைவாக நிரப்ப வேண்டிய கட்டாயம் எழாது என்றே கருதப்பட்டது.

அதே வேளையில் ஐரோப்பா வேறு திசையில் சென்றது. பெல்ஜியம் ஏற்ற 1889ஆம் ஆண்டு மவுசர் துப்பாக்கியில் பட்டை கொண்டு ஐந்து தோட்டாக்களை ஏற்றும் முறை வந்துவிட்டது.

போயர் போரின் பாடம்

இரண்டாம் போயர் போரில் (1899-1902) பிரித்தானியப் படை இதன் விலையை அறிந்தது. திரான்சுவால், ஆரஞ்சு விடுதலை நாடு ஆகிய இரு குடியரசுகளும் பல்லாயிரக்கணக்கில் 7 மி.மீ. மவுசர் துப்பாக்கிகளை வாங்கியிருந்தன. ஐந்து முறை சுட்டதும் போயர் வீரன் ஒரு பட்டையை அழுத்தி மீண்டும் ஆயத்தமாவான். பிரித்தானிய வீரனோ பெட்டி தீர்ந்தபின் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து இட வேண்டியிருந்தது. 1899 திசம்பரில் ஒரே வாரத்திற்குள் இசுடோர்ம்பெர்க், மாகர்சுஃபொன்டெயின், கொலென்சோ ஆகிய மூன்று இடங்களில் பிரித்தானியர் தோற்றனர். இத்தோல்விகளுக்குத் துப்பாக்கியை மட்டும் காரணம் கூறுவது சரியாகாது. பதுங்குகுழிகள், புகையில்லா வெடிமருந்து, வெட்டவெளியில் நெருங்கி முன்னேறிய உத்தி ஆகியவற்றின் பங்கு பெரிது. எனினும் ஏற்றும் வேகத்தில் இருந்த குறை மறைக்க முடியாததாயிற்று.

இரு துண்டுத் தாங்கி (1902-1907)

1902 திசம்பரில் ஒப்புதல் பெற்ற குறுகிய லீ-என்ஃபீல்டு, முதல் வடிவத்திலேயே சார்ஜர் தாங்கியுடன் வந்தது. இதன் குழல் முந்தையதைவிட 5 அங்குலம் குறைவு. தாங்கியின் இடப்பாதி உடற்பகுதியின் இடச்சுவரில் நிலையாக இருந்தது. வலப்பாதியோ போல்ட்டின் முன்முனையான போல்ட் தலையின் மேல் நகரும் துண்டாக அமைந்தது. போல்ட்டை முழுவதும் பின்னிழுக்கும்போது இரு பாதிகளும் நேரெதிரே வந்து பட்டையைப் பற்றும். பழைய நீண்ட துப்பாக்கிகளை மாற்றியமைத்து உருவாக்கிய இரண்டாம் வடிவத்திலும் இம்முறையே பின்பற்றப்பட்டது.

பொறியியல் நோக்கில் இதன் பலவீனம் தெளிவு. ஒரு பொருளை நேராகப் பிடிக்க வேண்டிய இரு தாடைகளுள் ஒன்று அசையாதது. மற்றொன்று ஒவ்வொரு சுடுதலுக்கும் முன்னும் பின்னும் ஓடும் பகுதியோடு பிணைந்தது. போல்ட் சற்றே முன்னால் நின்றாலும் தாடைகள் நேராக அமையா. தேய்மானமும் மண்ணும் சேரும்போது இக்குறை வளருமேயன்றிக் குறையாது.

பாலம் (1907)

1907 சனவரியில் ஒப்புதல் பெற்ற மூன்றாம் வடிவத்தில் இரு பாதிகளும் உடற்பகுதிக்கே மாற்றப்பட்டன. போல்ட்டின் மேலாக இடச்சுவரிலிருந்து வலச்சுவர் வரை வளைந்து செல்லும் பாலத்தில் இரு பள்ளங்களும் வெட்டப்பட்டன. தாடைகள் இரண்டும் அசையாதவை ஆகிவிட்டதால், நேர்கோட்டுச் சிக்கல் அடியோடு நீங்கியது. போல்ட் தலையும் எளிய உறுப்பாயிற்று. அதே ஆண்டில் பழைய நீண்ட துப்பாக்கிகள் பலவற்றிற்கும் பாலம் பொருத்தும் பணி தொடங்கியது.

இதன் பயனைப் பயிற்சி விதியில் காணலாம். 1909ஆம் ஆண்டுச் சுடுபயிற்சி விதிகளின்படி, வீரன் 300 கஜத் தொலைவில் ஒரு நிமிடத்தில் 15 முறை சுட வேண்டும். தொடக்கத்தில் சுடுவதற்கு ஆயத்தமாக ஒரு தோட்டாவும் பெட்டியில் நான்கும் இருக்கும். எஞ்சிய பத்தும் ஐந்தைந்தாக அந்த நிமிடத்திற்குள்ளேயே ஏற்றப்பட வேண்டும். அதாவது தேர்வின் மூன்றில் இரு பங்கு தாங்கி வழியாகவே நிறைவேறியது. இடுப்பு வாரில் 10 பைகள், பைக்கு மூன்று சார்ஜர் என 150 தோட்டாக்களை வீரன் சுமந்தான். 1914 ஆகத்து 23இல் மொன்ஸ் போரில் இவ்வேகத்தைக் கண்ட செருமானியர் இயந்திரத் துப்பாக்கிகள் என்று எண்ணினர் எனும் செய்தி ஆங்கில நூல்களில் அடிக்கடி காணப்படும். அதனை ஐயத்துடன் நோக்கும் வரலாற்றாளரும் உளர்.

விந்தை என்னவெனில், பாலம் வந்த பின்னும் கட்-ஆஃப் தகடு நீடித்தது. விரைந்து நிரப்பும் உறுப்பும் நிரப்பியதைப் பூட்டும் உறுப்பும் ஒரே துப்பாக்கியில் இருந்தன. பட்டையால் ஏற்றுவதற்கு முதலில் தகட்டைத் திறக்க வேண்டும். போர்க்கால உற்பத்தியை எளிதாக்க 1916இல் ஏற்ற வடிவத்திலேயே தகடு கைவிடப்பட்டது.

பிற்காலம்

1939இல் ஏற்கப்பட்ட 4ஆம் எண் துப்பாக்கியிலும் பாலம் தொடர்ந்தது. குறிபார்த்துச் சுடுவோருக்கான அதன் தனி வடிவத்தில் தொலைநோக்கி பாலத்திற்கு நேர்மேலே அமைந்து வழியை மறைத்தது. அவ்வீரர்கள் 1888ஐப் போல ஒவ்வொன்றாகவே தோட்டா இட வேண்டியதாயிற்று.

மூன்றாம் வடிவத் துப்பாக்கிகள் வங்காளத்தின் இசாப்பூர் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டன. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020இல் தான் .303 துப்பாக்கிகளுக்கு விடை கொடுத்தது. அருங்காட்சியகத்தில் இவ்வகைத் துப்பாக்கியைக் காண்போர் தோட்டாப்பெட்டிக்கு மேலே நோக்குக. குறுக்கே வளைவு இருப்பின் அது 1907க்குப் பிந்தைய வடிவம் அல்லது அவ்வாண்டு முதல் மாற்றியமைக்கப்பட்ட பழைய துப்பாக்கி. போல்ட் தலையின் மேல் சிறு நகரும் துண்டு இருப்பின் அதற்கு முந்தைய குறுகிய வடிவம். இரண்டும் இல்லையெனில் போயர் போர்க் காலத்து நீண்ட துப்பாக்கியாக இருக்கக்கூடும்.