மருந்துக்கு முன் புழுக்கைப் பரிசோதனை

ஐப்பசி மழை இரண்டு பாட்டம் பெய்து, கரிசலிலும் மலையடிவாரத்திலும் புல் தலைகாட்டத் தொடங்கியதும், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்களிலுள்ள சங்கங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் நடைபெறுவதைக் காண்கிறோம். நிர்வாகக் குழு கூடி, குடற்புழு நீக்க மருந்தை மொத்தமாக வாங்கத் தீர்மானிக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கத்தினர்களின் ஆடுகள் யாவும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு, இளைத்தது கொழுத்தது என்ற பேதமின்றி ஒவ்வொன்றின் வாயிலும் மருந்து ஊற்றப்படுகிறது. செலவு கணக்கில் ஏறுகிறது. ரசீது சரியாக இருந்தால், தணிக்கைக்குச் செல்லும் நமக்கும் திருப்தியே.

சென்ற மழைக்காலத்திற்குப் பின் ஒரு சங்கத்தின் ஏடுகளைப் பார்வையிட்டபொழுது இந்தத் திருப்தி குலைந்தது. மருந்து ரசீதுக்குச் சில தாள்கள் தள்ளி, கார்த்திகையில் குட்டிகள் மாண்டமையால் கடன் தவணையை ஒத்திவைக்குமாறு கோரும் மனுக்கள் இருந்தன. மனுதாரர்களுள் ஒருவர் கைத்தறி நெய்யும் விதவை. தறி நின்ற நாட்களில் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது அவருடைய கன்னி ஆடுகளைக் கொண்டுதான். "மருந்து ஊத்தினோமே ஐயா, பிறகும் ஏன் செத்தது?" என்று அவர் கேட்டார். ரசீதில் அதற்கு விடை இல்லை. ஆகவே கால்நடை மருத்துவரிடம் கேட்டும், பின்னர் படித்தும் அறிந்தவற்றை அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

நம் ஆடுகளுக்குப் பெருங்கேடு விளைவிப்பது ஹீமாங்கஸ் என்னும் புழு. இது ஆட்டின் நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் உறிஞ்சுவது. பெண் புழுவின் சிவந்த குடலைச் சுற்றி வெண்ணிறக் கருப்பை முறுக்கிக் கிடப்பதால், சிவப்பும் வெள்ளையுமான இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கிய நூல்போல் அது தோன்றும். நெசவாளர்க்கு இதற்குமேல் வர்ணனை வேண்டியதில்லை. ஒரு புழுவினால் நாளொன்றுக்கு நேரும் இரத்த இழப்பு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். அற்பமென்று தோன்றலாம், ஆயின் 5,000 புழுக்கள் குடியேறிய ஆடு தினமும் கால் லிட்டர் இரத்தத்தை இழக்கிறது. கீழிமையின் உட்புறம் வெளுக்கும். தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கும். கழிச்சல் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஒரு பெண் புழு நாள்தோறும் பல்லாயிரம் முட்டைகள் இடும். வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் ஒரு வாரத்திற்குள் இளம்புழுக்கள் தொற்றும் நிலையை அடைந்து புல்லில் ஏறிவிடும். மேய்ந்த ஆட்டின் வயிற்றில் மூன்று வாரத்தில் அவையும் முட்டையிடும். கார்த்திகையில் குட்டிகள் சாவதன் காரணம் இதுவே.

இப்புழு புழுக்கையில் கண்ணுக்குப் புலப்படாது. அரிசிமணிபோல் தென்படுவது நாடாப்புழுவின் துண்டு; அதைக் கண்டு பதறித்தான் மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். வளர்ந்த ஆட்டுக்கு நாடாப்புழுவால் வரும் தீங்கு சொற்பமே. கொல்லும் புழுவை அறிய நுண்பெருக்கிக் கண்ணாடியே வேண்டும்.

பரிசோதனை கடினமானதன்று. 4 கிராம் புழுக்கையை 56 மில்லிலிட்டர் நிறைவுற்ற உப்புக்கரைசலில் கரைத்து வடிகட்டினால் முட்டைகள் மேலே மிதக்கும். கோடிட்ட இரண்டு கண்ணாடி அறைகளில், அறைக்கு 0.15 மில்லிலிட்டர் வீதம் நிரப்பி, தெரியும் முட்டைகளை எண்ணி 50 ஆல் பெருக்கினால், ஒரு கிராம் புழுக்கையில் எத்தனை முட்டைகள் என்பது தெரியும். ஆஸ்திரேலியாவின் மெக்மாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் 1939இல் வகுக்கப்பட்ட இம்முறை இன்றும் உலகெங்கும் வழங்குகிறது.

எல்லா ஆட்டுக்கும் ஊற்றிவிட்டால் தொல்லை விட்டதல்லவா என்று அங்கத்தினர் கேட்கலாம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். மருந்து எல்லாப் புழுக்களையும் கொல்வதில்லை. தாங்கும் வல்லமையுடைய சில தப்புகின்றன. எல்லா ஆடுகளுக்கும் ஒருங்கே மருந்திட்டால், அதன்பின் மேய்ச்சலில் விழும் முட்டைகள் அந்தச் சிலவற்றின் வாரிசுகளே. தயாபெண்டசோல் என்னும் மருந்து 1961இல் விற்பனைக்கு வந்தது. 1964இலேயே அதற்கு அடங்காத புழுக்கள் அமெரிக்கச் செம்மறிகளில் காணப்பட்டன. அவ்வினத்தைச் சேர்ந்த மருந்துகளுக்குப் புழுக்கள் அடங்காமை தமிழ்நாட்டு ஆட்டுப் பண்ணைகளிலும் பதிவாகியுள்ளது. குதிரைப் பண்ணைகள் கற்ற பாடமும் இதுவே: கிராமுக்கு 200 முட்டைக்குக் குறைவாகக் கழிக்கும் வளர்ந்த குதிரைக்குப் பெரும்பாலும் மருந்தே இடுவதில்லை. டென்மார்க் 1999 முதல் மருத்துவர் சீட்டின்றி இம்மருந்துகளை விற்கத் தடை விதித்தது.

ஒரு மந்தையிலுள்ள புழுக்களில் பெரும்பகுதி சில ஆடுகளிடமே குவிந்திருக்கும். அவற்றை இனங்கண்டு மருந்திட்டால் போதும். எஞ்சிய ஆடுகள் கழிக்கும் முட்டைகளிலிருந்து மருந்துக்கு அடங்கும் புழுக்களும் பெருகி, வல்லவை மட்டுமே பெருகாமல் காக்கும். இதன் பொருட்டுத் தென்னாப்பிரிக்காவில் கீழிமையின் நிறத்தை ஐந்து தரமாகப் பிரித்துக் காட்டும் அட்டையொன்று வகுக்கப்பட்டது. அதை அமைத்த மாலன் என்பவரின் பெயரால் ஃபமாச்சா என வழங்குகிறது.

பரிசோதனைக்கும் எல்லை உண்டு. இளம்புழுக்கள் முட்டையிடா, எனவே முட்டை குறைவாயிருந்தும் குட்டி வெளுத்திருந்தால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது. கண்மாய்க் கரையில் மேயும் ஆடுமாடுகளை நத்தை வழியே பற்றும் தட்டைப்புழுக்களின் முட்டை கனமானது. உப்புநீரில் நன்கு மிதவாது. அதற்கு வண்டல் பரிசோதனை வேறாக உண்டு.

அந்த நெசவாளியின் எஞ்சிய ஆடுகளின் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்திற்கு எடுத்துச் செல்லச் செய்தோம். பழைய மருந்தையே மருத்துவர் எடைபோட்டு, வெள்ளாட்டுக்குரிய அளவில் கொடுத்தார். செம்மறிக்குரிய அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. அதன் உடல் இத்தகைய மருந்துகளை விரைவில் வெளியேற்றிவிடும். சங்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே மூடியால் அளந்திருந்தார்கள். பதினான்காம் நாள் மீண்டும் எண்ணியபொழுது முட்டைகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது குறைந்திருக்க வேண்டும். வேறு இனத்து மருந்து கொடுத்தபின் ஆடுகள் தேறின. மாண்ட குட்டிகளுக்கு இது உதவவில்லை.

மழைக்கு முன் சங்கங்கள் செய்யத்தக்கது இது. மந்தைக்குப் பத்துப் பதினைந்து ஆடுகளிலிருந்து, தரையில் கிடந்ததை அல்ல, அப்பொழுதே விழுந்த புழுக்கையைத் தனித்தனிப் பாலிதீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, ஆட்டின் அடையாளத்தை எழுதுக. வெயிலில் வைத்தால் முட்டை பொரித்து எண்ணிக்கை தவறும். ஆதலின் ஈரத்துணி சுற்றிக் காலையிலேயே மருந்தகத்திலோ, இராஜபாளையத்திலுள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ கேட்டுச் சேர்ப்பிக்கலாம். சினையாடுகளை முன்னதாகவே தெரிவித்தல் அவசியம். சில மருந்துகள் இளஞ்சினைக்கு ஆகா. அடுத்த தணிக்கையில் மருந்து ரசீதுடன் இரண்டு பரிசோதனைச் சீட்டுகளையும், மருந்துக்கு முன்னதும் பின்னதுமாக, நாம் கேட்போம்.