பூட்டிய கட்டளைக்குள்ளேயே சாவி

ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டப்படி, 2026 செப்டம்பர் 11 முதல், தன் தயாரிப்பிலுள்ள ஓட்டை வழியாகத் தாக்குதல் நடப்பது தெரியவந்தால், நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் தர வேண்டும். சட்டம் முழுமையாக அமலாவது 2027 டிசம்பர் 11-இல். இதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: ‘ஸ்மார்ட் பல்புக்குப் போகும் கட்டளைகள் என்கிரிப்ட் செய்யப்பட்டவைதானே, பிறகென்ன பயம்?’

எழுத்துகளை உருமாற்றினாலே ‘என்கிரிப்ட்’ என்ற பெயரைச் சூட்டிவிடலாம். சாவி எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

டிபி-லிங்க்கின் எச்எஸ்110 ஸ்மார்ட் பிளக்கை 2016-இல் ஜெர்மனியின் சாஃப்ட்ஷெக் ஆய்வாளர்கள் அலசினார்கள். 9999-ஆம் போர்ட்டில் போய்வந்த தரவு ஒன்றும் புரியவில்லை. ஆண்ட்ராய்டு செயலியைப் பிரித்துப் பார்த்ததும் சூத்திரம் அகப்பட்டது. அதே நிறுவனத்தின் எல்பி வரிசை பல்புகளும் இந்த முறையில்தான் பேசின.

தொடக்க எண் 171. கட்டளையின் முதல் குறியை அதனோடு எக்ஸ்-ஆர் செய்ய வேண்டும்: இரு எண்களிலும் ஒரே இடத்திலுள்ள பிட்டுகள் ஒத்திருந்தால் 0, மாறினால் 1. முதல் குறி எப்போதும் நெளி அடைப்பு. கணினியில் அதன் எண் 123. விடை 208. இந்த 208 அடுத்த குறிக்குச் சாவியாகிறது. அடுத்தது மேற்கோள் குறி, 34, விடை 242. அது மூன்றாவதற்குச் சாவி. கடைசி எழுத்து வரை இப்படியே.

சங்கிலி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எக்ஸ்-ஆரை மறுபடி செய்தால் பழைய எண் திரும்பிவிடும். 242-ஐத் திறக்கும் 208, அதே தரவில் அதற்கு முன்னாலேயே நிற்கிறது. 171 தெரியாதவருக்கும் மறைந்திருப்பது முதல் குறி ஒன்றே. அதுவும் எல்லோருக்கும் தெரிந்தது. அனுப்புவது யார் என்றும் பல்பு கேட்பதில்லை. அதே வைஃபையிலிருந்து யார் ‘அணை’ என்றாலும் அணையும். இதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெருவில் நிற்பவர் அணைக்க முடியுமா? வைஃபைக்குள் நுழையாமல் இந்த வழியில் முடியாது.

ஆய்வை வெளியிட்டது தவறில்லையா? இல்லை, நிறுவனத்தின் சர்வர் இல்லாமலே விளக்கை இயக்கும் பைத்தான்-காசா போன்ற இலவச மென்பொருள்களுக்கு இத்தகைய அலசலே அடிப்படை.

இன்றும் இதே முறையா? பல மாதிரிகளுக்கு, பயனர் கணக்கோடு பிணைந்த புதிய முறை வந்துவிட்டது.

ஏற்கெனவே வாங்கிய பல்புக்குச் சட்டம் பொருந்துமா? 2027 டிசம்பர் 11-க்கு முன் சந்தைக்கு வந்தவற்றில் பெரிய மாற்றம் செய்யாதவரை, தகவல் தரும் கடமை மட்டுமே.